வீட்டிலேயே படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறோம் என்று தெரிந்தால் போதும், சபையிலும் உறவினர் கூடும் இடத்திலும் தொலைபேசியிலும் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சிலர் அக்கறையோடு கேட்பார்கள், சிலர் சந்தேகத்தோடு. ‘எங்களுக்கும் ஆசைதான், ஆனா பயமா இருக்கு’ என்று இழுப்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

ஹோம்ஸ்கூலிங்னா என்ன? வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்கூல் நடத்தணுமா?

பிள்ளையின் கல்விக்கான முழுப் பொறுப்பையும் பெற்றோர் ஏற்றுக்கொள்வதுதான் வீட்டுக் கல்வி. எல்லாவற்றையும் அம்மாவே கற்றுத்தர வேண்டும் என்று இல்லை. கணக்குக்கு டியூஷன், இசைக்கு ஓர் ஆசிரியர், சில பாடங்களுக்கு ஆன்லைன் வகுப்பு என்று எதையும் சேர்த்துக்கொள்ளலாம். எதை, எப்போது, யாரிடம் படிப்பது என்ற முடிவு மட்டும் பெற்றோர் கையில் இருக்கும். பள்ளி நடத்தும் வகுப்பைக் கணினி வழியாக வீட்டிலிருந்து கேட்பது இதில் சேராது. அங்கே முடிவெடுப்பது பள்ளி.

கரும்பலகை, மணி, எட்டு பீரியட் என்று பள்ளியை அப்படியே பெயர்த்து வீட்டுக்குள் கொண்டுவருபவர்கள் சீக்கிரமே களைத்துப்போகிறார்கள். முப்பது நாற்பது பிள்ளைகளை ஒன்றாகச் சமாளிக்கப் பள்ளிக்கு அந்த ஏற்பாடு தேவை. ஒரு மேசையைச் சுற்றி இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு அது எதற்கு?

அப்போ ‘கிறிஸ்தவ’ வீட்டுக் கல்வின்னா எல்லாப் பாடத்துலயும் வசனம் சேர்க்கணுமா?

வேண்டாம். வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் வசனம் அச்சடித்திருந்தால் மட்டும் கணக்கு கிறிஸ்தவக் கணக்கு ஆகிவிடாது. இயேசுவின் சிறுவயதைப் பற்றி லூக்கா 2:52 ஒரே வரியில் சொல்கிறது: ‘இயேசுவானவர் ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார்.’ அறிவு, உடல், தேவனோடு உறவு, மனிதரோடு உறவு என்று நான்கும் அதில் இருக்கின்றன. நான்கில் ஒன்றைக் கைவிட்டாலும் பிள்ளை ஒரு பக்கமாகத்தான் வளரும். நான் பார்த்தவரை கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடுவது கடைசியாகச் சொன்னதை.

இன்னொன்று. பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6:7-ஐ எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அதற்கு முந்தைய வசனம், ‘இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது’ என்று பெற்றோரைப் பார்த்துச் சொல்கிறது. வரிசை அதுதான். வீட்டுக் கல்வி நமக்குத் தருவது நேரம். நாள் முழுவதும் பிள்ளை நம்மோடு இருக்கிறது என்றால் நாள் முழுவதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம்மிடம் இல்லாத விசுவாசத்தைப் பாடப்புத்தகம் வாங்கிப் பிள்ளைக்குள் ஊட்டிவிட முடியாது. கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புறது பாவம்னு ஒருத்தர் சொன்னாரே, பைபிள்ல அப்படி இருக்கா?

இல்லை. மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டதாக அப்போஸ்தலர் 7:22 சொல்கிறது. தானியேல் பாபிலோன் அரண்மனையில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தவர். பவுல் கமாலியேலிடம் பயின்றவர். தீமோத்தேயுவோ வீட்டில் பாட்டியிடமும் தாயிடமும் விசுவாசத்தைப் பெற்றவர். பொறுப்பு பெற்றோருடையது என்பதில் வேதம் தெளிவாக இருக்கிறது. இடம் எது என்று அது கட்டளையிடவில்லை.

பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்தைக் குறைவாக எடைபோடும் பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது அந்தப் பெருமையைத்தான்.

சட்டப்படி இது செல்லுமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அனுமதி உண்டு, ஆனால் பதிவு, தேர்வு விதிகள் மாநிலத்துக்கு ஒன்று. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தகுந்த கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்கி, அது பள்ளியிலோ வேறு வகையிலோ இருக்கலாம் என்கிறது. சிங்கப்பூரில் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கட்டாயக் கல்வியிலிருந்து விலக்குப் பெற வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் பிள்ளை எழுதியாக வேண்டும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். சமய நம்பிக்கையைக் காரணம் காட்டிய ஒரு குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-இல் ஏற்க மறுத்தது. 2019-இல் வேறொரு குடும்பத்தின் வழக்கிலும் அரசுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்தத் தெளிவின்மையை அறிந்துகொண்டு இறங்குங்கள். எங்கே இருந்தாலும் விதியை அரசு வெளியிட்ட ஆவணத்தில் நீங்களே படித்துப் பாருங்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று அடுத்தவர் சொன்னதை நம்பித் தொடங்க வேண்டாம்.

நான் டீச்சர் டிரெயினிங் படிக்கலையே, எனக்குக் கணக்கே வராதே. என்னால முடியுமா?

தொடக்க வகுப்புகளுக்கு முடியும். ஒரு பிள்ளைக்குப் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் கற்றுத்தரப் பொறுமையும் ஒழுங்கும் நல்ல புத்தகமும் போதும். சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் பரப்பிய ஒரு வழியை எந்தப் பெற்றோரும் கையாளலாம். நல்ல எழுத்தில் ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதைப் பிள்ளையைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கவனம், நினைவு, வரிசைப்படுத்துதல், பேச்சு எல்லாம் அதில் பழகிவிடும். இடையில் குறுக்கிட்டுத் திருத்தாமல் இருப்பதுதான் நமக்குக் கடினம்.

உங்களுக்கு வராத பாடத்தைப் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ‘எனக்குத் தெரியாது, வா பார்ப்போம்’ என்று அம்மா சொல்வதைக் கேட்கும் பிள்ளை தெரியாததற்கு வெட்கப்படாது. உயர்வகுப்புக் கணிதம், வேதியியல் போன்றவற்றுக்கு ஆள் தேடுங்கள். சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது இருப்பார், கேட்டால் மறுக்கவும் மாட்டார்.

எந்த வயசுல தொடங்கலாம்?

பெற்றோருக்குத்தான் அவசரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்ல்ஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய் சூசன்னா வெஸ்லி பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும்வரை எழுத்துக் கற்பிக்கவில்லை. மேசன் ஆறு வயதுவரை பொறுக்கச் சொன்னார். பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதாகும் ஆண்டில்தான் பள்ளிப் படிப்பைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பு கதை, பாட்டு, மண், தண்ணீர், வீட்டு வேலையில் கைகொடுப்பது இவை போதும்.

பொறுப்பதற்கும் எல்லை உண்டு. எட்டு வயதாகியும் எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் படிக்கத் திணறினால் ‘தேவன் ஏற்ற நேரத்தில் தருவார்’ என்று தள்ளிப்போடாதீர்கள். கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தகுந்தவரிடம் காட்டுங்கள். பள்ளியில் இதைக் கவனிக்க ஓர் ஆசிரியர் இருப்பார். வீட்டில் அந்தக் கண்ணும் நம்முடையதே.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?

ஆறு, ஏழு வயதில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். பத்து வயதை ஒட்டி மூன்று மணி நேரம். பதின்ம வயதில் நான்கு, ஐந்து மணி நேரம், அதில் பாதி தனியாகப் படிப்பது. சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் நீள வேண்டாம். வருகைப்பதிவு, வரிசை, காத்திருப்பு எதுவும் வீட்டில் இல்லாததால் நேரம் குறைகிறது. கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

மிச்ச நேரம் வீணாகிறதே என்று பதறி இன்னொரு ஒர்க்புக் வாங்காதீர்கள்.

எந்த முறை நல்லது? எந்தப் பாடத்திட்டம் வாங்கணும்?

விசாரித்தால் பல பெயர்கள் காதில் விழும். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று மூன்று படிகளாகப் போகும் கிளாசிக்கல் முறை, மேலே சொன்ன மேசன் முறை, ஒரே தலைப்பைச் சுற்றி எல்லாப் பாடத்தையும் அமைக்கும் யூனிட் ஸ்டடி, பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தின் பின்னே போகும் அன்ஸ்கூலிங். பெரும்பாலான குடும்பங்கள் ஓரிரு வருடத்தில் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தமக்கென ஒன்றைப் பின்னிக்கொள்கின்றன. முதல் வருடத்தில் முழு செட்டாக எதையும் விலைகொடுத்து வாங்காதீர்கள்.

பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கலின் தந்தை மகனை வீட்டிலேயே படிக்க வைத்தவர். முதலில் மொழிகள், கணிதம் பிறகு என்று திட்டம் போட்டு, கணிதப் புத்தகங்களைக் கண்ணில் படாமல் ஒதுக்கியும் வைத்தார். மகன் பன்னிரண்டு வயதில் தானாகவே வடிவியலைத் தோண்ட ஆரம்பித்துவிட்டான். தந்தை செய்த நல்ல காரியம், அதைக் கண்டதும் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டதுதான்.

குடும்ப ஜெபம்னாலே பையன் எழுந்து ஓடுறான். வேதபாடத்தை எப்படி நடத்துறது?

முதலில் நீளத்தைக் குறையுங்கள். ஆறு வயதுப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்நிய பாஷையில் ஜெபிப்பது அவனுக்கு ஜெபத்தைக் கற்றுத்தராது. ஒரு சிறு பகுதி, ஒரு பாட்டு, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், அவ்வளவுதான். வாசித்த பகுதியை மேலே சொன்னபடி திருப்பிச் சொல்லச் சொல்லலாம். ‘இதிலிருந்து என்ன பாடம் கற்றாய்?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்காதீர்கள். யாக்கோபு அப்பாவை ஏமாற்றிய கதையைக் கேட்டுவிட்டுப் பிள்ளை ஒன்றும் பேசாமல் போனால் போகட்டும். உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்.

உபாகமம் 6-ஐ இன்னும் கொஞ்சம் கீழே படித்தால் 20-ஆம் வசனத்தில் மகன் கேள்வி கேட்கிறான்: இந்தக் கட்டளைகளெல்லாம் என்ன? ‘சொன்னதைச் செய்’ என்று பதில் சொல்லச் சொல்லவில்லை. ‘நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்’ என்று கதையைத் தொடங்கச் சொல்கிறது. பஸ்காவைப் பற்றிய யாத்திராகமம் 12:26-இலும், யோர்தானில் எடுத்த கற்களைப் பற்றிய யோசுவா 4:6-இலும் இதே அமைப்புதான். பிள்ளை எதையோ பார்க்கிறது, ஏன் என்று கேட்கிறது, பெரியவர் நடந்ததைச் சொல்கிறார். அதனால் உங்கள் வீட்டில் பிள்ளை கேள்வி கேட்கும்படி ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். கடனை ஏன் மன்னித்தீர்கள், சண்டை போட்டவரிடம் ஏன் போய்ப் பேசினீர்கள், காணிக்கை ஏன் கொடுக்கிறீர்கள்? அந்தக் கேள்வி வரும் நேரமே வேதபாட நேரம். அது டைம்டேபிளில் இருக்காது.

வசனம் சொல்லலைன்னா அடிக்கலாமா? தப்பு செஞ்சா வசனத்தை அம்பது தடவை எழுத வைக்கிறோம், சரிதானே?

இரண்டுமே வேண்டாம் என்பேன். தண்டனையாக எழுதிய வசனம் ஆயுசுக்கும் தண்டனை வாசனையோடே நினைவில் நிற்கும். ‘பிரம்பைக் கையாடாதவன்’ (நீதிமொழிகள் 13:24) என்ற வசனத்தைக் காட்டுபவர்கள் கொலோசெயர் 3:21-ஐயும் சேர்த்துக் காட்ட வேண்டும்: ‘பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்.’ கண்டித்துத் திருத்துவது பெற்றோரின் கடமை. பாடம் வராததற்கு அடிப்பது கண்டிப்பில் சேராது. ஸ்வீடன் 1979-இல் வீட்டிலும் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்தது. பிறகு பல நாடுகள் அதே வழியில் சட்டம் இயற்றியிருக்கின்றன. சூசன்னா வெஸ்லி பிரம்பைப் பயன்படுத்தியவர்தான். அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

மின்காந்தவியலுக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் (1831–1879) சிறுவயதில் தாயிடம் வீட்டில் கற்றவர். எட்டு வயதில் 119-ஆம் சங்கீதம் முழுவதையும், 176 வசனங்களையும், பார்க்காமல் சொல்வாராம். அந்த வயதிலேயே தாய் இறந்துபோனார். பிறகு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்த இளம் ஆசிரியர் ‘மந்தம்’ என்று திட்டிக் கடுமையாக நடத்தினார். தந்தை அவரை நிறுத்திவிட்டு 1841-இல் பையனை எடின்பரோவில் ஒரு பள்ளியில் சேர்த்தார். அதே வீடு, அதே பையன்தான். மாறியது சொல்லிக்கொடுத்தவர்.

அம்மாவும் நான்தான், டீச்சரும் நான்தான். நாள் முழுக்கக் கத்திட்டே இருக்கேன். என்ன செய்ய?

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. பெரும்பாலும் வேலைப்பளுதான் காரணம், பக்தியின் குறைவு இல்லை. சமையல், துணி, கைக்குழந்தை, இரண்டு வகுப்புப் பாடம் எல்லாம் ஒருவர் தலையில் விழுந்தால் யாருக்கும் குரல் உயரும். ‘பிதாக்களே’ என்று வேதம் பெயர் சொல்லி அழைத்திருக்கும்போது அப்பாவின் பங்கு சாயங்காலம் ‘இன்னைக்கு என்ன படிச்சே?’ என்று கேட்பதோடு முடிய முடியாது. ஒரு பாடத்தை முழுவதுமாக அவர் எடுத்துக்கொள்ளட்டும். முடியாவிட்டால் அந்த நேரத்துக்கு வீட்டு வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

வேதபாடம், வரலாறு, அறிவியல், கதை வாசிப்பு ஆகியவற்றை எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே நடத்துங்கள். கணக்கையும் மொழியையும் மட்டும் தனித்தனியாக வையுங்கள். பாதி வேலை குறையும். சூசன்னாவுக்குப் பிறந்தவர்கள் 19 பேர், பிழைத்து வளர்ந்தவர்கள் 10 பேர். அந்தக் கூட்டத்திலும் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவரான பிறகு ஜான் அந்த வியாழக்கிழமை மாலைகளை நினைவுகூர்ந்து தாய்க்குக் கடிதம் எழுதினார். அவர் ஏங்கியது பாடத்துக்காக இல்லை.

கத்திவிட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘ஆனா நீயும்தான்...’ என்று இழுக்காமல் கேளுங்கள். மனந்திரும்புதல் என்றால் என்ன என்று பிள்ளை பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சயின்ஸ்ல எவல்யூஷன் வருதே, அதை விட்டுட்டு நடத்தலாமா?

விடாதீர்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களைக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே விதமாகப் புரிந்துகொள்வதில்லை. பூமி சில ஆயிரம் ஆண்டுகளே பழையது என்போர் உண்டு. பூமி மிகப் பழையது, ஆனால் உயிர்களைத் தேவன் தனித்தனியாகப் படைத்தார் என்போர் உண்டு. பரிணாமத்தின் வழியாகவே தேவன் படைத்தார் என்போரும் உண்டு. மனித மரபணுத் தொகுதியை வாசித்த பெருந்திட்டத்தைத் தலைமையேற்று நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் விசுவாசி, மூன்றாவது தரப்பைச் சேர்ந்தவர். நீங்கள் எந்தத் தரப்பு என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லுங்கள். விஞ்ஞானிகளை முட்டாள்களாகக் காட்டும் புத்தகத்தைப் படித்து வளர்ந்த பிள்ளை, கல்லூரியில் முதல் நல்ல பேராசிரியரைச் சந்திக்கும் நாளில் உங்களையும் சேர்த்தே சந்தேகப்படும்.

மேக்ஸ்வெல்லின் பொறுப்பில் உருவாகி 1874-இல் திறக்கப்பட்ட, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் கதவில் சங்கீதம் 111:2 லத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது: கர்த்தரின் செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிறவர்கள் அவற்றை ஆராய்கிறார்கள். ஆராய்வதற்குப் பயப்படும் விசுவாசத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

தமிழ்ப் பாடத்துல வேற மதப் பாட்டெல்லாம் வருதே, அதைத் தாண்டிப் போயிடலாமா?

திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஜி.யு. போப் என்ற மிஷனரி. திருக்குறளின் முதல் இரண்டு பால்களை லத்தீனுக்குக் கொண்டுபோனவர் வீரமாமுனிவர் என்ற பாதிரியார். இருவருடைய விசுவாசமும் அதனால் கரைந்துபோகவில்லை. பவுலும் அத்தேனேயில் கிரேக்கப் புலவர்களின் வரியை எடுத்துத்தான் பேசினார் (அப்போஸ்தலர் 17:28). தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையிடமிருந்து தமிழில் பாதியை மறைத்துவைக்க நமக்கு உரிமை இல்லை. படிக்கட்டும், ரசிக்கட்டும். எங்கே வேறுபடுகிறோம் என்று கேட்டால் மரியாதையோடு சொல்லுங்கள்.

நாலு பேரோட பழகாம உலகமே தெரியாம வளருமே?

வளரக்கூடும், நீங்கள் கவனிக்காவிட்டால். ‘அதெல்லாம் கட்டுக்கதை’ என்று சில வீட்டுக் கல்விப் பெற்றோர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளியில் நட்பு தானாக அமைய வாய்ப்பு உண்டு. வீட்டில் அதற்குத் திட்டமிட வேண்டும். விளையாட்டுக் குழு, இசை வகுப்பு, நூலகம், ஞாயிறு பள்ளி, அக்கம்பக்கம், தாத்தா பாட்டி வயதினர் என்று பல வட்டங்கள் வேண்டும். சபைக்கு வெளியேயும் நண்பர்கள் வேண்டும். நான் மேலே சொன்ன ‘மனுஷர் தயவு’ இதுதான். பன்னிரண்டு வயது இயேசு எருசலேமிலேயே தங்கிவிட்டபோது பெற்றோர் ஒரு நாள் பிரயாணம் வரை தேடவில்லை. உறவினரோடும் தெரிந்தவர்களோடும் வந்துகொண்டிருப்பார் என்றே எண்ணியிருந்தார்கள். அவ்வளவு பேர் மத்தியில் அவர் சகஜமாக வளர்ந்திருக்கிறார்.

வெளியில கெட்டுப்போயிடக் கூடாதுன்னுதான் வீட்டுல வச்சிருக்கோம். அப்போ பாதுகாப்புதானே?

பயத்தை மட்டும் காரணமாக வைத்துத் தொடங்காதீர்கள். பாவம் வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்பதில்லை. கையில் இருக்கும் போனிலும் நம் சுபாவத்திலும் ஏற்கனவே உள்ளேதான் இருக்கிறது. வடிகட்டும் மென்பொருள் போடுங்கள், கணினியைப் பொதுவான இடத்தில் வையுங்கள். அதைவிட முக்கியம், தவறான எதையாவது பார்த்துவிட்டால் உங்களிடம் வந்து சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்கிறதா என்பது.

இன்னும் கடினமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. பிள்ளைக்குத் துன்பம் வீட்டுக்குள்ளிருந்தே, உறவினரிடமிருந்தோ சபையில் மதிக்கப்படுகிறவரிடமிருந்தோ வரலாம். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு அதைக் கவனிக்க வேறு கண்கள் குறைவு. ஆகவே குடும்பத்துக்கு வெளியே நம்பகமான இரண்டு மூன்று பெரியவர்கள் பிள்ளையைத் தவறாமல் பார்த்துத் தனியாகப் பேசும் நிலை இருக்க வேண்டும். உடலைப் பற்றிய சரியான சொற்களைக் கற்றுக்கொடுங்கள். ‘வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே’ என்று பழக்காதீர்கள். சாட்சி கெட்டுவிடும் என்று எதையும் மூடி மறைக்காதீர்கள்.

வீட்டுக்காரர் விசுவாசி இல்லை. நான் மட்டும் எப்படி?

தீமோத்தேயுவின் தாய் யூத விசுவாசி, தகப்பன் கிரேக்கன் (அப்போஸ்தலர் 16:1). தாய் ஐனிக்கேயாளும் பாட்டி லோவிசாளும் கொடுத்த விசுவாசத்தையே பவுல் நினைவுகூர்கிறார். அந்த மட்டும் தைரியம் கொள்ளலாம். ஆனால் வீட்டுக் கல்வி இரண்டு பெற்றோரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அவர் சம்மதிக்கவில்லையென்றால் அவருக்குத் தெரியாமலோ சண்டையிட்டோ தொடங்காதீர்கள். பிள்ளை பள்ளிக்குப் போய்வந்த பிறகும் மாலையும் இரவும் இருக்கின்றன. அப்பாவைக் குறைத்துப் பேசி அம்மா ஊட்டும் வேதபாடம் பிள்ளையின் மனதை இரண்டாகக் கிழிக்கும்.

பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ் எல்லாம் எப்படி?

பல நாடுகளில் தனித்தேர்வராக எழுதும் வழி உண்டு. இந்தியாவில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கும், 15 வயது நிறைந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். வருடத்தில் இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. போன்ற சர்வதேசத் தேர்வுகளைத் தனித்தேர்வராக ஏற்கும் மையங்களும் உண்டு. அறிவியல் செய்முறைக்கு இடம் கிடைக்குமா என்பதை முதலிலேயே விசாரியுங்கள், பலர் தடுமாறுவது அங்கேதான்.

பிள்ளை எந்தப் படிப்புக்குப் போக விரும்புகிறது, அந்தக் கல்லூரி எந்தச் சான்றிதழை ஏற்கிறது என்பதைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பின்னோக்கிப் பார்த்துத் திட்டமிடுங்கள். வருடாவருடம் என்ன படித்தது என்று ஒரு பதிவேடும் எழுதியவற்றின் மாதிரிகளும் பத்திரமாக இருக்கட்டும். மகளுக்கும் இதே அக்கறைதான். ‘பெண்ணுக்கு வீட்டு வேலை தெரிந்தால் போதும்’ என்று படிப்பை நிறுத்த வீட்டுக் கல்வியைச் சாக்காக்குவது அநியாயம்.

இவ்வளவு செஞ்சும் பதினாறு வயசுப் பொண்ணு ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ங்கறா. எல்லாம் வீணா?

‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து’ (நீதிமொழிகள் 22:6) என்பதை உத்தரவாதச் சீட்டாகப் படிப்பதால் வரும் வேதனை இது. நீதிமொழிகள் வாழ்க்கை பொதுவாக எப்படிப் போகிறது என்று காட்டும் ஞான வாக்கியங்கள். ‘பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்’ என்று ஏசாயா 1:2-இல் தேவனே சொல்கிறார். அவருடைய வளர்ப்பில் குறை என்று நாம் சொல்வோமா?

அவள் அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். சபையில் கைகளை உயர்த்திப் பாடிக்கொண்டு உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட அது நேர்மையானது. எதை நம்ப முடியவில்லை என்று கேளுங்கள், பதில் சொல்லத் துடிக்காமல் கேளுங்கள். சில நேரம் கேள்வி தேவனைப் பற்றி இருக்காது, சபையில் அவள் பார்த்த ஒன்றைப் பற்றி இருக்கும். பாஸ்டரைக் கூட்டிவந்து உட்காரவைத்து உபதேசிக்க வைப்பது, ஞானஸ்நானம் எடுக்க நெருக்குவது, அழுது மிரட்டுவது எதுவும் வேண்டாம். பேச்சு தொடர்ந்தால் போதும்.

நடுவுல ஸ்கூலுக்குப் போகணும்னு பிள்ளையே கேட்டா?

கேட்டதும் மனம் உடையாதீர்கள். ஜான் வெஸ்லி பத்து வயதில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்குப் போனார். மேக்ஸ்வெல்லும் ஏறக்குறைய அந்த வயதில்தான் பள்ளிக்குப் போனார். சில வருடம் வீடு, சில வருடம் பள்ளி என்பது முறையான வழிதான். ஏன் போக வேண்டும் என்று முதலில் விசாரியுங்கள். நண்பர்களுக்காக என்றால் அதை வேறு வழியில் தீர்க்க முடியுமா என்று பாருங்கள். உண்மையாகவே விரும்பினால் அனுப்புங்கள்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் சேர்ப்பது எளிது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சில பள்ளிகள் நுழைவுத்தேர்வு வைக்கும், அதற்கு மேலே சொன்ன பதிவேடு உதவும். வீட்டில் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் திணறுவது நேரத்துக்குள் எழுதி முடிப்பதில்தான். சேர்வதற்கு மூன்று மாதம் முன்பிருந்து கடிகாரம் வைத்து எழுதப் பழக்குங்கள். சூசன்னாவைப் போல் வாரத்தில் பிள்ளையோடு தனியாகப் பேசும் அந்த ஒரு மாலையை மட்டும் பள்ளி தொடங்கிய பிறகும் விட்டுவிடாதீர்கள்.